கரை கசியுது, கலிங்கு அடைச்சிருக்கு: சின்ன மண் அணை பத்தி வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பகுதியில ஒரு வாசகர் "வெறும் மண்ணால கட்டின அணை எப்படிங்க அவ்வளவு தண்ணியைத் தாங்குது"ன்னு கேட்டிருந்தார், நாலு வரி பதில் போட்டு, கரை மேல மரமே கூடாதுன்னும் எழுதிட்டு, போற போக்குல "பெரிய அணைக்கு ஆள் இருக்கு, ஆபீஸ் இருக்கு, எனக்கு பயமே சின்ன அணையைப் பாத்துதான்"னு ஒரு வார்த்தை விட்டேன். அவ்வளவுதான், கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. கரை வேலையில இருபத்தஞ்சு வருஷம் சேத்துல நின்னவன்ங்கறதால ஆசிரியர் இந்த மாசம் முழுப் பக்கத்தையும் என்கிட்டயே தள்ளி விட்டுட்டார். பெயர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதனால யார் பேரும் போடல.

சார், எங்க அணையோட வெளிப்பக்கம் அடிவாரம் எப்பவும் சொதசொதன்னு இருக்கு. அணை நிறைஞ்சா நூல் மாதிரி தண்ணியும் ஓடுது. கரை உடைஞ்சிடுமா?

பதறாதீங்க. கசியாத மண் அணைன்னு உலகத்துல ஒண்ணு கூட கிடையாது. எவ்வளவு இறுக்கி மிதிச்சாலும் மண்ணுக்கு நடுவுல சந்து இருக்கத்தான் செய்யும், ஒரு பக்கம் அஞ்சாறு மீட்டர் தண்ணி நின்னு அழுத்துனா இன்னொரு பக்கம் கொஞ்சம் வந்துதான் தீரும். நீங்க பாக்க வேண்டியது அந்தத் தண்ணி கூட என்ன வருதுங்கறதை. ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு ஒரு மணி நேரம் ஆடாம வைங்க. தெளிஞ்ச தண்ணியா இருந்து அடியில ஒண்ணும் படியலைன்னா கண்காணிச்சுக்கிட்டு இருக்கலாம். கலங்கலா இருந்தாலோ, அடியில நைஸா மண்ணு படிஞ்சாலோ, அது உங்க கரையோட வயித்துல இருந்து வர்ற மண்ணு, அன்னைக்கே ஒரு இன்ஜினியரைக் கூப்பிடணும், நாளைக்குன்னு வைக்கக்கூடாது.

அது ஏன் அவ்வளவு அவசரம்னா, கசிவு வெளிய வர்ற வாயில முதல்ல ஒரு சிட்டிகை மண்ணு போகும், போனதும் தண்ணி வர்ற பாதையோட நீளம் அந்த அளவுக்குக் குறையும், நீளம் குறைஞ்சா வேகம் கூடும், வேகம் கூடுனா இன்னும் ரெண்டு சிட்டிகை, இப்படியே வெளிய இருந்து உள்ளுக்கா, தண்ணி நிக்கற பக்கத்தைப் பாத்து கரையான் மாதிரி குடைஞ்சுக்கிட்டே போகும். மாசக்கணக்கா மெதுவா போற மாதிரி இருக்கும், ஒருநாள் அந்தப் பொந்து தண்ணியைத் தொட்டுடும், அதுக்கப்புறம் மணிக்கணக்குதான். இதைத்தான் பைப்பிங்னு சொல்வாங்க. உலகத்துல உடைஞ்ச மண் அணைகளை எடுத்துக்கிட்டா ஏறக்குறைய பாதி கரைக்கு மேல தண்ணி வழிஞ்சு போனது, மீதியில பெரும்பங்கு இந்த மாதிரி உள்ளுக்குள்ள அரிச்சுப் போனது, சரிவு சரிஞ்சு போனது அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாடி வருது.

அளவும் பாருங்க. கசிவு தண்ணியை ஒரு சின்ன வாய்க்கால்ல கூட்டி ஒரு பைப் வழியா விட்டு 10 லிட்டர் வாளியைப் பிடிங்க. 20 செகண்டுல நிறைஞ்சா செகண்டுக்கு அரை லிட்டர். அந்த எண்ணையும் அன்னைக்கு அணையில தண்ணி மட்டம் எவ்வளவுங்கறதையும் சேத்து எழுதி வைங்க, ஒண்ணு இல்லாம இன்னொண்ணுக்கு அர்த்தமே இல்ல. மட்டம் ஏறுனா கசிவு ஏறும், அது இயல்பு. மட்டம் அப்படியே இருக்கு, கசிவு மட்டும் ஏறுது, அதுதான் சிக்கல். இன்னொண்ணு, எப்பவும் கசியுற இடம் திடீர்னு காய்ஞ்சு போச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, அது வேற வழி கண்டுபிடிச்சிருக்கலாம், சுத்தி அம்பது மீட்டர் தேடிப் பாருங்க. வெயில் காலத்துல எல்லாப் புல்லும் காய்ஞ்சு கிடக்கும்போது ஒரு திட்டு மட்டும் பச்சையா, கோரை முளைச்சு நிக்குதா, அதுவும் கசிவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க, கசியுற வாயை சிமெண்ட் போட்டு அடைக்காதீங்க. நான் அடைச்சிருக்கேன். வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம், அடிவாரத்துல கட்டைவிரல் அளவு ஊத்து, நல்லா குழைச்சு அப்பி பூசி, அன்னைக்கு சாயந்தரம் அவ்வளவு பெருமையா வீட்டுக்குப் போனேன். ஒன்பது நாள் கழிச்சு அதே கரையில ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல, சரிவோட நடுவுல, கலங்கலா வந்துச்சு. போற வழியை அடைச்சதுல உள்ள அழுத்தம் ஏறி கரை முழுக்க ஊறிப்போச்சு. மூத்தவர் ஒருத்தர் வந்து பூசுனதை உடைக்கச் சொல்லிட்டு, முதல்ல நல்ல மணல், அதுக்கு மேல பொடி ஜல்லி, அதுக்கு மேல பெரிய ஜல்லின்னு அடுக்கச் சொன்னார். தண்ணி போகும், மண்ணு போகாது, இதுதான் ஃபில்டர். என்னைத் திட்டக்கூட இல்ல, அதான் இன்னும் வலிக்குது.

அண்ணே, கலிங்குல ரெண்டு அடிக்கு மண் மூட்டை அடுக்கினா கூட கொஞ்சம் தண்ணி நிறுத்தலாம்னு சங்கத்துல எல்லாரும் சொல்றாங்க. கரை அதுக்கு மேல மூணு அடிக்கு இருக்கே, வீணாத்தானே கிடக்கு?

இந்த ஒரு கேள்வியை மட்டும் ஏழு பேர் ஏழு விதமா கேட்டிருக்கீங்க, ஒருத்தர் மூட்டைக்குப் பதிலா பலகை, இன்னொருத்தர் செங்கல் கட்டி பூசிட்டதாவே எழுதியிருக்கார். அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். கலிங்குன்னா அணை நிறைஞ்சதும் மிச்சத் தண்ணி தானா வழிஞ்சு போறதுக்கு விட்ட தாழ்வான இடம்.

கலிங்கு மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவுல இருக்கற அந்த மூணு அடி வீணா கிடக்கல. வெள்ளம் வர்றப்ப கலிங்குல தண்ணி ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்கு ஏறி ஓடணும், அப்பதான் வர்ற அளவு வெளிய போகும், அதுக்கும் மேல அலை அடிக்கறதுக்கு கொஞ்சம் இடம் வேணும், அதுக்காக விட்டு வச்ச இடம் அது. இப்ப கணக்கைப் பாருங்க. கலிங்கு மேல ஓடுற தண்ணியோட அளவு, அது ஏறி நிக்கற உயரத்துக்கு நேர் விகிதத்துல போகாது, உயரத்தோட ஒன்றரை அடுக்குல போகும், அதாவது உயரத்தை அதோட வர்க்கமூலத்தால பெருக்கற மாதிரி. 10 மீட்டர் நீளமான கலிங்கு, தண்ணி 1 மீட்டர் ஏறி ஓடுதுன்னா செகண்டுக்கு சுமார் 17 கனமீட்டர் போகும். நீங்க அரை மீட்டருக்கு மூட்டை அடுக்கிட்டீங்க, இப்ப கரை உச்சியைத் தொடறதுக்கு முன்னாடி அரை மீட்டர்தான் ஏறி ஓட முடியும், அப்ப போறது 6 கனமீட்டர்தான். பாதியை அடைச்சீங்க, போனது மூணுல ரெண்டு பங்கு. உங்க கதையில மூணு அடியில ரெண்டு அடி போயிடுது, மிச்சம் ஒரு அடி, அந்த ஒரு அடியில போறது முன்னாடி போனதுல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. மீதி தண்ணி எங்க போகும்? கரை மேல ஏறும். கான்கிரீட் அணை மேல தண்ணி வழிஞ்சா பாதி நேரம் தாங்கிக்கும், மண் கரை மேல ஒரு சாண் தண்ணி வழிஞ்சாப் போதும், வெளிப்பக்க சரிவை படி படியா வெட்டிக்கிட்டே ஏறி வரும், நீங்க மண்வெட்டி எடுத்துட்டு ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

இதுல யாரும் யோசிக்காத இன்னொரு சங்கதி இருக்கு. கரையோட மேல் மூணு அடி இத்தனை வருஷமா தண்ணியே பாக்காத மண்ணு. வெயில்ல காய்ஞ்சு வெடிச்சிருக்கும், எலி வளை இருக்கும், வேர் செத்த பொந்து இருக்கும். அதுவரைக்கும் தண்ணியைத் தூக்கி நிறுத்துனீங்கன்னா ஒரு ராத்திரியில அத்தனை ஓட்டையும் வேலைக்கு வந்துடும்.

கதையா வேணும்னா அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல சவுத் ஃபோர்க் அணைன்னு ஒண்ணு இருந்துச்சு, 22 மீட்டர் உயரம், மண் அணை. கைமாறி கைமாறி கடைசியில வசதியானவங்க கிளப் ஒண்ணு வாங்குச்சு, மீன் பிடிக்கவும் படகு விடவும். அடியில தண்ணி இறக்கறதுக்கு இருந்த இரும்பு பைப்பை அவங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவர் பழைய இரும்புக்குக் கழட்டி வித்துட்டார், திரும்பப் போடவே இல்ல. குதிரை வண்டி போறதுக்காக கரை உச்சியை கொஞ்சம் இறக்கி அகலமாக்கினாங்க. வளர்த்த மீன் வெள்ளத்துல போயிடக்கூடாதுன்னு ஸ்பில்வே, அதாவது அவங்க கலிங்கு, அதுக்குக் குறுக்க கம்பி வலை போட்டாங்க. ஒவ்வொண்ணும் தனியா பாத்தா சின்ன விஷயம், இல்லையா? 1889 மே 31, பெருமழை, குப்பையும் மரமும் வந்து வலையில அடைஞ்சு கரைக்கு மேல தண்ணி ஏறுச்சு. கீழ இருந்த ஜான்ஸ்டவுன்ல செத்தவங்க 2,209 பேர். நான் பாத்த வரைக்கும் எல்லா சின்ன அணையிலயும் இதே கூத்துதான், தண்ணி போகவேண்டிய வழியை மனுஷன் உக்காந்து அடைப்பான், போகக்கூடாத வழியை எட்டிக்கூட பாக்க மாட்டான்.

மூட்டையை எடுத்துடுங்க. "மழை வந்தா எடுத்துக்கலாம்"னு சொல்வாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு, இடுப்பளவு ஓடுற தண்ணியில இறங்கி ஊறிப்போன மூட்டையை யார் தூக்குவீங்கன்னு சங்கத்துல கேட்டுப் பாருங்க, எத்தனை கை தூக்குதுன்னு. கூட தண்ணி வேணும்னா அணையில படிஞ்ச வண்டலை எடுங்க, கொள்ளளவு கூடும், கரையை ஒட்டி மட்டும் தோண்டாதீங்க.

கரை மேல மரம் வச்சா வேர் மண்ணைப் பிடிச்சுக்கும்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோமே, நீங்க மரமே கூடாதுன்னு எழுதியிருந்தீங்க?

மலைச் சரிவுக்கு சொன்னதைக் கரைக்குப் போட்டுக் குழப்பிக்கறோம். கரைக்கு வேணும்கறது குட்டைப் புல், அதுவும் நெருக்கமா, அது மழைத்தண்ணி மண்ணை அரிக்காம பாத்துக்கும். மரத்தோட வேர் தண்ணியைத் தேடி கரைக்குள்ள போகும், உயிரோட இருக்கற வரைக்கும் பரவாயில்லைன்னு வைங்க, செத்துப் போச்சுன்னா மக்கி உள்ள ரெடிமேட் பைப் மாதிரி பொந்து மிஞ்சும். காத்துல ஒரு பெரிய மரம் சாய்ஞ்சா வேரோட கரையில பாதி வண்டி மண்ணைத் தூக்கிக்கிட்டுதான் சாயும். புதருக்கும் இதேதான், புதர் மூடின கரையில கசிவும் தெரியாது வெடிப்பும் தெரியாது, பாம்புக்குப் பயந்து ஒருத்தனும் நடக்கவும் மாட்டான்.

அதுக்காக நாளைக்கே போய் இருக்கற பெரிய மரத்தையெல்லாம் வெட்டிடாதீங்க! அடிமரத்தை அப்படியே விட்டுட்டு வெட்டுனா அந்த வேர் மக்குறதை நீங்களே தொடங்கி வச்ச மாதிரி. மணிக்கட்டு அளவு வரைக்கும் இருக்கற கன்னுகளை வேரோட பிடுங்கி குழியைக் களிமண் போட்டு இடிச்சு மூடிடலாம். அதுக்கு மேல பெருசுன்னா தண்ணி மட்டம் இறங்கின காலத்துல, தெரிஞ்ச ஆளை வச்சு, வேரைத் தோண்டி எடுத்து, அடுக்கடுக்கா மண்ணைப் போட்டு கெட்டிப்படுத்தணும். வெளிப்பக்க அடிவாரத்துல இருக்கற மரத்துல இன்னும் ஜாக்கிரதை.

நண்டு வளை, எலி வளை எல்லாம் பாத்தா பெருசா தெரியலையே. அதுக்கும் கவலைப்படணுமா?

படணும். வாய் சின்னதா இருக்கும், உள்ள மீட்டர் கணக்குல போகும், ரெண்டு பக்கத்துல இருந்தும் ரெண்டு வளை நடுவுல சந்திச்சா மீதி வேலையைத் தண்ணி பாத்துக்கும். மேலாப்புல மண்ணைப் போட்டு காலால மிதிக்கறது உங்க மனசு ஆறுதலுக்குத்தான். ஆழமில்லாத வளைன்னா தோண்டித் திறந்து இடிச்சு மூடுங்க, ஆழமா போச்சுன்னா ஒரு பைப்பை சொருகி களிமண்ணோட கொஞ்சம் சிமெண்ட் கலந்த கூழை ஊத்தி நிரப்புங்க. முதல் பதில்ல சிமெண்ட் கூடாதுன்னு சொன்னியேன்னு கேக்காதீங்க, அது தண்ணி வெளிய வந்துக்கிட்டு இருக்கற வாய், இது காய்ஞ்ச வளை, ரெண்டும் வேற.

ஐயா, கரை உச்சியில வெடிப்பு விட்டிருக்கு. வெயிலுக்குன்னு சொல்றாங்க. எப்படி கண்டுபிடிக்கறது?

எந்தத் திசையில ஓடுதுன்னு முதல்ல பாருங்க. தேன்கூடு மாதிரி குறுக்கும் நெடுக்குமா விரல் ஆழத்துக்கு இருந்தா பெரும்பாலும் வெயில்தான், களிமண் சுருங்குனது. கரையோட நீளத்துக்கு ஓடுது, அதுலயும் வில்லு மாதிரி வளைஞ்சு ஒரு பக்கம் கீழ இறங்கியிருக்குன்னா சரிவு சறுக்க ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். கரைக்குக் குறுக்க, தண்ணிப் பக்கத்துல இருந்து வெளிப்பக்கம் வரைக்கும் ஓடுற வெடிப்புதான் எனக்கு ரொம்ப பயம், ஏன்னா அது தண்ணிக்குப் போட்டு வச்ச ரோடு. ரெண்டு பக்கமும் ஒரு ஒரு குச்சி அடிச்சு நடுவுல இருக்கற தூரத்தை அளந்து தேதி போட்டு எழுதுங்க, வாரத்துக்கு ஒருதடவை அளங்க. ஆழம் தெரியணும்னா மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்க. மழைத்தண்ணி உள்ள இறங்காம தார்ப்பாய் போட்டு மூடி வைங்க, தண்ணியை ஊத்திப் பாக்காதீங்க, ஒருத்தர் வெடிப்பு எவ்வளவு ஆழம்னு பாக்க குடம் குடமா ஊத்திக்கிட்டு இருந்ததை நான் என் கண்ணால பாத்திருக்கேன்.

இங்கிலாந்துல ஷெஃபீல்டுக்கு மேல டேல் டைக்னு ஒரு புது அணை, 1864 மார்ச் 11 சாயந்தரம் வேலை முடிஞ்சு கரை வழியா வீட்டுக்குப் போன ஒரு தொழிலாளிதான் வெடிப்பை முதல்ல பாத்தார். ஆளைக் கூப்பிட்டாங்க, இன்ஜினியர் வந்தார், பாத்தார், மட்டத்தை இறக்க முயற்சி பண்ணாங்க, அன்னைக்கு ராத்திரியே போயிடுச்சு. சுமார் 240 பேர். நடுவுல கையில இருந்தது சில மணி நேரம், அந்த நேரத்துல கீழ இருந்தவங்களை எழுப்பியிருக்கலாம்னு இன்னைக்குப் படிக்கறப்பவும் மனசு அடிச்சுக்குது.

எங்களது வெறும் 6 மீட்டர் உயரம். இதுக்கெல்லாம் பாதுகாப்பு, பிளான்னு பேசறது கொஞ்சம் ஓவரா இல்ல?

உயரத்தை வச்சு அளக்காதீங்க, கீழ யார் இருக்காங்கன்னு வச்சு அளங்க. சர்வதேச பெரிய அணைகள் ஆணையம் 15 மீட்டருக்கு மேல இருந்தாத்தான் பெரிய அணைன்னு சொல்லுது, இல்லைன்னா 5 மீட்டருக்கு மேல இருந்து 30 லட்சம் கனமீட்டருக்கு மேல தண்ணி நிக்கணும். உங்களுதுல அவ்வளவு தண்ணி நிக்காதுன்னா அதுல வராது, அதனால பெரிய அணைப் பட்டியல்ல இருக்காது, எந்தச் சட்டமும் சீக்கிரத்துல உங்களைத் தேடி வராது. ஆனா ஒரு ஹெக்டேர் பரப்புல சராசரியா 3 மீட்டர் ஆழம் நின்னாலே 30,000 கனமீட்டர், அதாவது 30,000 டன். அது ஒரு அரை மணி நேரத்துல உங்க கீழ்த்தெரு வழியா போகுதுன்னு நினைச்சுப் பாருங்க.

1977 நவம்பர் 6, அமெரிக்காவுல ஜார்ஜியாவுல டொக்கோவா பக்கம் கெல்லி பார்ன்ஸ் அணை, 12 மீட்டர் அளவுதான், கீழ ஒரு கல்லூரி வளாகம். ராத்திரி ஒன்றரை மணிக்கு உடைஞ்சு 39 பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் அங்க ஜனாதிபதியா இருந்த கார்ட்டர், கீழ ஆள் இருக்கற தனியார் அணைகளையெல்லாம் உடனே ஆய்வு பண்ணச் சொன்னார். 2019 ஜூலை 2 ராத்திரி மகாராஷ்டிராவுல ரத்னகிரி மாவட்டத்துல திவரே அணை உடைஞ்சுச்சு, அதுவும் சின்ன மண் அணைதான், கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க. இலங்கையில கந்தளாய் குளத்துக்கரை 1986 ஏப்ரல் 20 விடியறதுக்கு முன்னாடி உடைஞ்சப்ப நூறு பேருக்கு மேல போனாங்க, அத்தனை நூற்றாண்டு நின்ன கரை அது. தாத்தா காலத்துல இருந்து நிக்குதுங்கறது ஒரு சர்டிஃபிகேட் இல்லைங்கறதுக்காக இதைச் சொல்றேன்.

இன்னொண்ணு, அணை கட்டுனப்ப கீழ வெறும் காடா இருந்திருக்கும். இன்னைக்கு வீடு இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும். அணை அதே அணைதான், ஆபத்து மட்டும் வளர்ந்திருக்கும். அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவையாவது ஓடைவழியே கீழ நடந்து போய் எத்தனை வீடுன்னு எண்ணுங்க.

கரை மேல டிராக்டர் ஓட்டலாமா?

அதுக்குன்னு அகலமா கட்டி மேல கிராவல் போட்டிருந்தா ஓட்டலாம். மழையில வேண்டாம். டயர் தடம் பள்ளமாகி தண்ணி தேங்கி ஊறும், நாளாவட்டத்துல உச்சி அந்த இடத்துல தாழ்ந்து போகும், வெள்ளம் முதல்ல வழியறது அங்கதான். மாடு ஏறி இறங்கற தடத்துக்கும் இதேதான்.

சார், ஒருவேளை ராத்திரி கரையில ஓட்டை விழுந்து கலங்கலா தண்ணி பீச்சி அடிக்குதுன்னா என்ன பண்ணணும்? கரையை வேற இடத்துல வெட்டி விட்டுடலாமா?

வெட்டாதீங்க. வெட்டுன இடம் உங்க பேச்சைக் கேக்காது, ஒரு அடி வெட்டுனா தண்ணி முப்பது அடி வெட்டிக்கும்.

முதல் வேலை ஃபோன். கரையைக் காப்பாத்தறது ரெண்டாவது, இந்த வரிசை மாறவே கூடாது. கீழ இருக்கற முதல் வீட்டுல இருந்து வரிசையா எழுப்பி மேட்டுக்கு அனுப்பணும், அதுக்கு யார் யாரைக் கூப்பிடணும்ங்கற பட்டியல் பேப்பர்ல எழுதி நாலு வீட்டுலயாவது ஒட்டியிருக்கணும், மொபைல்ல மட்டும் இருந்தா சார்ஜ் போன அன்னைக்குத்தான் கரை உடையும். டவர் இல்லைன்னா எப்படி சொல்லுவீங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்களை யார் தூக்குவாங்க, எந்த ரோடு முதல்ல முழுகும், இதையெல்லாம் வெயில் அடிக்கற ஒரு பகல்ல உக்காந்து பேசி வைங்க. அப்படியே தீயணைப்பு, தாசில்தார், போலீஸ்னு யாருக்குச் சொல்லணுமோ சொல்லிடுங்க, "கசியுற மாதிரி இருக்கு"ன்னு இழுக்காம "கரை உடையப் போகுது, கீழ இத்தனை வீடு"ன்னு சொல்லுங்க.

அப்புறம் மதகு திறக்கற நிலையில இருந்தா திறந்து மட்டத்தை இறக்குங்க. சாதாரண நாள்ல வேகமா இறக்கக்கூடாது, ஒரு நாளுக்கு ஒரு அடிக்குள்ள இறக்கறது நல்லது, ஏன்னா ஊறிப்போன உள்பக்க சரிவுக்கு முட்டுக்கொடுத்துக்கிட்டு இருந்த தண்ணி திடீர்னு போனா அந்தச் சரிவு உள்ள விழுந்துடும். உயிர் போற அவசரத்துல அந்தக் கணக்கெல்லாம் பாக்க முடியாது. ஊத்து இன்னும் சின்னதா இருந்தா மட்டும், அதைச் சுத்தி மூட்டையால வளையம் கட்டி உள்ள தண்ணியை உயர விட்டு வேகத்தைக் குறைக்கலாம், மேல மணலும் ஜல்லியும் போடலாம். உள்பக்கம் சுழி தெரிஞ்சா கரையில நின்னே வைக்கோல் கட்டு, மண் மூட்டை எதையாவது அந்தச் சுழியில தள்ளலாம், தண்ணியில இறங்கறதோ படகுல கிட்ட போறதோ கூடவே கூடாது, மதகு பக்கமும் அப்படித்தான், அந்த இழுப்பு ஆளை விடாது.

எப்ப விட்டுட்டு ஓடணும்னு கேட்டா, 1976 ஜூன் 5 டீட்டன் அணையை நினைச்சுக்குங்க. அமெரிக்காவுல ஐடஹோவுல, 93 மீட்டர் பெரிய மண் அணை, முதல் தடவையா நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. காலையில கலங்கல் கசிவு பாத்தாங்க, ஓட்டையில மண்ணைத் தள்ள ரெண்டு புல்டோசரை அனுப்பினாங்க, அந்த ரெண்டு புல்டோசரும் ஓட்டைக்குள்ளயே போச்சு, ஓட்டினவங்க எப்படியோ தப்பிச்சாங்க, மதியம் 12 மணிக்குள்ள அணையே இல்ல. 11 பேர் போனாங்க, பகல்ல நடந்ததாலயும் முன்னாடியே கீழ சொல்லிட்டதாலயும்தான் அந்த எண்ணிக்கையோட நின்னுச்சு. ஓட்டை நீங்க போடறதை விட வேகமா பெருசாகுதா, மண்வெட்டியைக் கீழ போட்டுட்டு மேட்டுக்கு ஓடுங்க.

புதுசா ஒரு சின்ன மண் அணை போடப்போறோம். மண்ணு நல்லதான்னு நாங்களே பாக்க வழி இருக்கா?

லேபுக்குப் பதிலா ஆகாது, ஆனா ஒரு எளிய சோதனை இருக்கு. கண்ணாடி டம்ளர்ல காய்ச்சி வடிச்ச தண்ணி, அதுல கடலைப்பருப்பு அளவு மண்கட்டியை மெதுவா விடுங்க, கலக்காதீங்க. கட்டி உதிர்ந்து அடியில குவியலா உக்காந்தா சரி. அதைச் சுத்தி பால் கலந்த மாதிரி மேகம் கிளம்பி பரவுதுன்னா அந்தக் களிமண் தண்ணியில தானா கரையற ஜாதி, சோடியம் அதிகமா இருக்கும், பாக்க அருமையான களிமண்ணா தெரியும், கரை கட்டுனா சின்ன வெடிப்புல போற தண்ணியே அதைக் கரைச்சு எடுத்துட்டுப் போயிடும். சுண்ணாம்போ ஜிப்சமோ கலந்து சரி பண்ணலாம், அதை மண்ணு தெரிஞ்சவங்க சொல்லித்தான் பண்ணணும்.

கட்டறப்ப ஒரு சாண் உயரத்துக்கு மேல ஒரே அடுக்கா மண்ணைக் கொட்டாதீங்க, அளவா ஈரம் இருக்கணும், கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், கையில ஒட்டக்கூடாது. மதகு பைப்பைச் சுத்தித்தான் எல்லாரும் கோட்டை விடறது, பைப்போட அடி வளைவுல ரோலர் போகாது, அங்க மண்ணு இளக்கமா நின்னு தண்ணி பைப்பை ஒட்டியே வெளிய வரும். அந்த இடத்தைக் கையால இடிச்சுக் கெட்டிப்படுத்தணும், வெளிப்பக்கம் பைப்பைச் சுத்தி மணல் ஃபில்டர் வைக்கணும். கட்டி முடிச்சதும் ஒரே மழையில நிரப்பிடணும்னு ஆசைப்படாதீங்க, முடிஞ்சா மதகைத் திறந்து வச்சு பாதி வரைக்கும் நிறுத்தி ரெண்டு வாரம் தினமும் நடந்து பாத்துட்டு அப்புறம் மீதி.

நடந்து பாருங்க நடந்து பாருங்கன்னு சொல்றீங்க. யார் நடக்கறது, என்ன பாக்கறது? எங்க ஊர்ல எல்லாரும் கரையில தினம் வாக்கிங் போறோம், போதாதா?

எல்லாரும் போறதுதான் பிரச்சனை, எல்லாரும் பாத்தா ஒருத்தரும் பாக்கல. பேர் சொல்லி ஒரே ஒரு ஆளை வைங்க, அவர் ஊருக்குப் போனா இன்னொருத்தர். சாதாரண நாள்ல வாரம் ஒருதடவை, அணை நிறைஞ்சு நிக்கறப்பவும் மழையிலயும் தினமும், ஒவ்வொரு தடவையும் அதே வழி. உச்சியில மட்டும் நடந்தா பாதிதான் தெரியும், வெளிப்பக்க சரிவுல நாய் ஓடற மாதிரி மேலயும் கீழயும் கோணல்மாணலா நடந்து அடிவாரத்தோட திரும்பி வரணும். கரை ஓரத்துல குனிஞ்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டு உச்சிக்கோட்டைப் பாருங்க, எங்கயாவது தாழ்ந்திருந்தா டக்குனு தெரிஞ்சிடும். கலிங்குல குப்பை, செடி, எவனாவது போட்ட வலை. மதகு ஷட்டர் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது முழுசா திறந்து மூடிப் பாக்கணும், துருப்பிடிச்சு உக்காந்துட்டா அவசரத்துக்கு அசையாது.

ஒரு நோட்டு போடுங்க, நாப்பது பக்கம் போதும். தேதி, தண்ணி மட்டம், கசிவு வாளி எத்தனை செகண்டு, தெளிவா கலங்கலா, வெடிப்பு அளவு, புதுசா என்ன. புதுசா ஒண்ணும் இல்லைன்னா "ஒண்ணும் இல்ல"ன்னு எழுதி கையெழுத்துப் போடணும், காலியா விடக்கூடாது, காலியா இருந்தா நடக்கலையா, நடந்து ஒண்ணும் இல்லையான்னு தெரியாது. ஃபோட்டோ எடுக்கறதா இருந்தா எப்பவும் அதே இடத்துல நின்னு எடுங்க. நோட்டை யார் வீட்டு பீரோவுலயும் பூட்டி வைக்காதீங்க, நான் பாத்த ஒரு அணையில அஞ்சு வருஷ நோட்டும் பத்திரமா பூட்டி இருந்துச்சு, சாவி வெளியூர்ல இருந்துச்சு.

(கண்ணாடி பாட்டில்ல தண்ணி பிடிச்சு ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்த அந்த வாசகிக்கு: அம்மா, அடியில படிஞ்சிருக்கறது மண்ணுதான், பாசி இல்ல. இந்த இதழ் கைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு ஆசிரியர்கிட்ட சொல்லி அன்னைக்கே உங்களுக்குத் தகவல் சொல்லியாச்சு, இன்ஜினியர் வந்து பாத்தாரான்னு ஒரு வரி எழுதுங்க.)